நெருஞ்சில் யாருக்கு?

நாட்டு மருந்துக் கடைக்காரனுக்குத் தராசு கூட அப்புறம்தான், முதலில் வேண்டியது சந்தேகம். திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து அவஸ்தைப்பட்டவர்களுக்குப் புரியும். யாராவது நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கேட்டால் டப்பாவைத் திறக்குமுன் ஆளை விசாரிப்பேன். கர்ப்பமான புதிதில் பெண்களுக்கு இந்த உபத்திரவம் சகஜம். அந்தச் சமயத்தில் நெருஞ்சில் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரிந்து ஆளில்லை. ஆனால் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லமாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். நான் யாரைத்தான் நம்புவது?

ஆம்பளைக்கு வந்த கடுப்பு

2008 வெயில் காலம். அண்ணாமலை நகரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அங்கே கிடைக்காத நெருஞ்சிலா என்று அப்போதே உறுத்தியது. "எனக்குத்தாண்ணே எரிச்சல்" என்றார். சரி, ஆம்பளைதானே என்று பொட்டலம் கட்டினேன். அதற்குள் ஓரமாக நின்று செல்போனில், "கஷாயம் வச்சித் தரேன், வாந்தி எடுக்காம குடிச்சிடுவியா?" என்று கெஞ்சினார். பொட்டலத்தைப் பிடுங்கி உள்ளே போட்டேன். முதலில் மனைவியை டாக்டரிடம் காட்டி யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே, எங்கம்மாவுக்கே இன்னும் தெரியாது."

இலை தழைக்கு என்ன பயம்?

பக்கத்துத் தெரு அம்மாள் மருமகளுக்கென்றே கேட்டார். நாள் தள்ளியிருக்கிறதா என்றேன். "இருந்தா என்ன? மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்றார். எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது, அதைக் குடிக்கலாமா என்று கேட்டேன். கிருமியை அப்படியே விட்டால் கிட்னி வரைக்கும் ஏறும், டாக்டரிடம் இந்த நிலைக்கு ஏற்ற மாத்திரை உண்டு என்றும் சொன்னேன். படியிறங்கிக்கொண்டே அவர் சொன்னது: "நீ யாவாரம் பண்ண உக்காந்தியா, வக்கீலுக்குப் படிச்சியா?"

டப்பாவில் குறைந்தது

ஒருநாள் நெருஞ்சில் டப்பாவில் பாதி இல்லை. நான் விற்கவில்லை. கடையின் இன்னொரு சாவி வீட்டில்தான் இருந்தது. ஓடினேன். அடுப்பில் கஷாயம் கொதித்தது. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்து, முந்தின நாள் வந்திருந்த மகள் குளிர்காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். "எத்தனை மாசம்?" என்றேன். மனைவி கஷாயத்தை வடிகட்டப் போனாள்.

கஷாயத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். தொற்று கிட்னிக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா உடனே சேர்த்துக்கொண்டு ஊசி மருந்து ஏற்றினார். என் மகளும் வயிற்றுப் பிள்ளையும் தப்பினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மனைவியிடம் கத்தினேன், என்னிடம் சொல்ல என்ன கேடு என்று. "உங்ககிட்ட சொன்னா கடைக்கு வர்றவுங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள்.

ஊரையெல்லாம் குறுக்கு விசாரணை செய்த நான், என் வீட்டு வாசலில் மட்டும் செருப்போடு சந்தேகத்தையும் கழற்றி வைத்திருக்கிறேன்.