அம்மாவிடம் சொல்லாத பாதி

அம்மாவின் மலச்சிக்கல் எனக்குத் தெரியவந்தபோது நான் விஞ்ஞான ஆசிரியராகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி. வட்டகொடைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றையறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா எங்களுடையது. கொழுந்தெடுக்கக் காலையில் மலையேறினால் மாலைவரை பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் அம்மா பகலில் தண்ணீரே குடிக்கமாட்டார். பல வருடப் பழக்கம். ஐந்தாறு நாள் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகி, ஒருநாள் இரத்தம் பட்ட பிறகுதான் என்னிடம் சொன்னார். அதையும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு சிங்களப் பெண். நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். எழுதித்தரும் இனிப்பான பாணி மருந்து ஒருவகைச் சர்க்கரை. நம் உடம்பு அதைச் செரிக்காது, பெருங்குடல்வரை அப்படியே போகும். அங்கிருக்கும் பக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை அதைத் தின்ன, குடலில் நீர் சேர்ந்து மலம் இளகும்.

"முதல் சில நாள் வயிறு இரையும், காற்று நிறையப் பிரியும். பயப்பட வேண்டாம், போகப்போகக் குறையும். மருந்தை நிறுத்தவேண்டாம். வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாவற்றிலும் இந்த மாதிரிச் சர்க்கரை உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும்."

"என்னா தம்பி சொல்றாங்க?" என்று அம்மா கேட்டார்.

கதவு திறந்தே கிடந்தது. வாசலில் அடுத்த ஆளாக என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன் நின்றிருந்தார். அவர் காதுபட அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

"காலையில ரெண்டு கரண்டி, ராவுல ரெண்டு கரண்டி குடிக்கணுமாம். தண்ணி நெறைய குடிக்கணுமாம்" என்றேன்.

மீதியை வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டிலும் வாய் வரவில்லை. கரும்பலகையில் பெருங்குடலை வரைந்து நாற்பது பிள்ளைகளுக்குப் பாகம் குறித்துக் காட்டியவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலை அதிபரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் உட்காரப் பக்கத்துக் காம்பராவில் இரண்டு கதிரை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அம்மா தேநீர்த் தட்டோடு வந்து குனிந்தார். சத்தம் வந்தது. சின்னச் சத்தமில்லை. அதிபரின் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வெளிய போங்கம்மா!" என்று கத்தினேன். அதோடாவது நின்றிருக்கலாம். "மன்னிக்க வேண்டும் சேர், லயத்து மனிதர்கள், நாகரிகம் தெரியாது" என்று பாடப்புத்தகத் தமிழில் சொன்னேன். அம்மா தட்டைக் கீழே வைக்காமல், கையில் பிடித்தபடியே வெளியே போனார்.

"ஏன் மாஸ்டர் அவவை ஏசுறியள்? மனுசருக்கு வாறதுதானே" என்றார் அதிபர். எனக்கு அன்று கோபம் அம்மாமீதுதான் இருந்தது.

அம்மா அன்றே பாணி மருந்தை நிறுத்திவிட்டார். போத்தலில் மருந்து குறையாததை நான் கவனிக்கவில்லை. வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாவற்றையும் விட்டு, ரொட்டியும் தேத்தண்ணியுமாக இருந்தார். கேட்டால் "வயித்துக்குச் சேரல" என்பார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கொழுந்தெடுக்கும் இடத்திலேயே வாந்தியெடுத்து விழுந்தார். கூட வேலை செய்த பெண்கள் கம்பளியில் கிடத்தி றோட்டுவரை தூக்கி வந்தார்கள். மலம் இறுகிக் குடலை அடைத்திருந்தது. எனிமா கொடுத்து நான்கு நாள் வார்டில் வைத்திருந்தார்கள்.

அதே டாக்டர்தான் வந்தார். நான் கொண்டுபோன போத்தல் குறையாமல் இருந்ததைப் பார்த்து, ஏன் மருந்தை நிறுத்தினார் என்று என்னிடம் கேட்டார்.

"மறந்துவிட்டார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

டாக்டர் அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மா மெதுவாகச் சொன்னார்: "நான் மறக்கலையே தம்பி."

"ஒங்களுக்குச் சிங்களம் வெளங்குதாம்மா?"

"அன்னைக்கு அவங்க வேகமா பேசினது ஒன்னும் வெளங்கல. இன்னைக்கு நீ சொன்ன ஒத்த வார்த்த வெளங்குச்சு."

கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை, பக்டீரியா, காற்று, எதையும் விடவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அப்ப அது நோவு இல்லையா? கொடலு அழுகிப்போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு சொன்னார்: "மொதல்லயே சொல்லியிருந்தா வாசல்லயே நின்னு தட்ட ஒங்கிட்ட குடுத்திருப்பேனே. ஒனக்கும் கேவலமாப் போயிருக்காது."

மறுநாள் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அம்மாவிடம் எது சொல்வதானாலும் தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்துச் சொல்லவைத்தார்.

அம்மாவுக்கு மெல்ல மெல்லச் சுகமானது. டாக்டர் சொன்னதுபோல், மருந்தை விடாமல் குடிக்கக் காற்றும் சில நாளில் அடங்கியது. மலைக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோகப் பழகிக்கொண்டார். லீக்ஸ் கறியும் சமைத்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு டவுனில் முன்னறை உள்ள வீட்டுக்கு மாறினோம். யாராவது வந்தால் அம்மா தேநீர்த் தட்டைக் கதவருகே என் கையில் தந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"வந்து ஒக்காருங்கம்மா" என்பேன்.

"நீ பேசிக்கிட்டிரு தம்பி, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்பார்.

பிறகு போய்ப் பார்ப்பேன். அடுப்பு அணைந்திருக்கும்.