யாருக்கும் பாடாத பாட்டு

சோற்றுத் தட்டில் ஸ்பூன் உரசும் சத்தத்தில்தான் என் வீட்டுக்காரரை நான் முதன்முதலாகக் கவனித்தேன். கல்யாணம் முடிந்து திண்டிவனத்துக்கு வந்த மறுநாள் மத்தியானம். மாமனார் சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டிருக்கிறார், கொழுந்தனார் குழம்பில் விரலெல்லாம் தோய்த்துச் சாப்பிடுகிறார், இவர் மட்டும் ஸ்பூனால் அள்ளுகிறார். கையில் புண்ணோ என்று எனக்குச் சந்தேகம். முகத்தை நிமிர்ந்து பார்க்கிற துணிச்சல் எனக்கு அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் பெரிதாக வந்துவிடவில்லை. அதனால் ஸ்பூனைப் பிடித்திருந்த வலது கையை மட்டும் பார்த்தேன். கட்டைவிரலிலும் அடுத்த மூன்று விரல்களிலும் நகம் நீளமாக வளர்ந்து, ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக இருந்தது. சுண்டுவிரலில் இல்லை. இடது கையில் ஒரு விரலிலும் இல்லை, சதையை ஒட்ட வெட்டியிருந்தார். நான் பார்ப்பதை மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னா பாக்கற? ஊருல ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கறவனுக்கு ஸ்பூனு. எங்க வூட்ல எழுந்து நடமாடறவனுக்கும் ஸ்பூனு. அந்த நகத்துக்கும் சேத்துதான் நீ வாக்கப்பட்டு வந்திருக்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேலிப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

நகம் கிடாருக்காக. கோட்டக்குப்பம் பக்கத்தில் கடற்கரையை ஒட்டி வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு ஓட்டலில் அவர் சாப்பாடு எடுத்துக்கொடுக்கிற வேலையில் சேர்ந்தவர். மாதா கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே கிடார் வாசிப்பார் என்பதால் கம்பியில் கைப்பழக்கம் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பிரேசில் நாட்டுக்காரர் ஒருவர் உடம்பு தேறுவதற்காக அந்த ஓட்டலில் வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தாராம். சாயங்காலமானால் தனியாக உட்கார்ந்து கிடாரை வைத்துக்கொண்டு பாடுவாராம். காப்பி கொண்டுபோன இவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அப்படித் தொடங்கியது. அந்த மாதிரிப் பாட்டுக்கு போசா நோவா என்று பெயர். மேளம் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது, கூடப் பாட ஆள் கிடையாது. ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். கட்டைவிரல் கனத்த கம்பியில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்க, மற்ற மூன்று விரலும் சேர்ந்து மற்ற கம்பிகளைத் தாளத்துக்கு நடுநடுவே கிள்ளிவிடும். குரல் அதன்மேல் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வரும், நடந்துகொண்டே ஒருத்தர் பேசுகிற மாதிரி. பிரேசில்காரர் ஊருக்குப் போகும்போது கிடாரை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி கேட்டுப் பார்த்து, தட்டை வைத்துவிட்டு இனிமேல் சாயங்காலத்தில் நீ பாடு என்று சொல்லிவிட்டார்.

அவர் குரல் சின்னது. அதை ஊரில் யாரும் குரலாகவே சேர்த்துக்கொள்ளவில்லை. விழுப்புரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கொஞ்ச நாள் கிடார் வாசித்தார். திருவிழாவுக்குத் திருவிழா போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தடவையாவது பாட விடுங்கள் என்று இவர் கேட்டதற்கு, "உன் கொரலு மைக்குக்குள்ளயே போவலையேப்பா, ஜனங்களுக்கு எங்க போவப்போவுது" என்றாராம் குழுத் தலைவர். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் ஒரு பாட்டைத் தனியாகப் பாடியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி, "இன்னாடி இது, உன் ஊட்டுக்காரன் மாதா மடியில இருக்கற கொழந்தைய எழுப்பிடப் போறோம்னு பயந்துக்கினு பாடறானா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பாட்டு என்றால் நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டும். சந்தோஷமானாலும் சாவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுகிற ஜனங்கள் நாங்கள். அந்த ஊரில் ரகசியம் சொல்கிற மாதிரிப் பாடுகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த நகத்துக்கு நான் செய்த ஊழியத்தைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மூட்டைக்கு ஒரு கை கொடுக்கப் போனவர் நடுவிரல் நகத்தை ஒடித்துக்கொண்டு வந்தார். வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அது வளருகிறவரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒட்டுப்பசை வைத்து எதையோ ஒட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு அவர் மூட்டையைத் தொட்டதில்லை. வாளி தூக்கமாட்டார், கயிறு இழுக்கமாட்டார், தேங்காய் உரிக்கமாட்டார். வேலைக்கெல்லாம் நான்தான். செடியைப் பிடுங்கி, ஆய்ந்து, விதைக்கு உடைத்து, மல்லாட்டைத் தோல் கிழித்துக் கிழித்து என் விரல் நுனி சொரசொரவென்று ஆகிவிட்டது. என் நகம் பாதியிலேயே நின்றுவிடும். ராத்திரி சாப்பாட்டில் அவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். "மருமவளுக்கு ரெண்டு புள்ள, ஒண்ணு வயித்துல, ஒண்ணு எம்புள்ள கையில" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தப் பாட்டு ஒன்றை அவர் வீட்டில் பாட வேண்டும், நான் கேட்க வேண்டும். காலையில் கிடாரை எடுத்துவைத்துப் பழகுவார். ஆனால் கம்பி மட்டும்தான் பேசும், வாய் திறக்காது. உதடு அசையும், குரல் வராது. அடுப்படியில் நின்றுகொண்டு அந்த உதட்டைப் பார்ப்பேன். வாய்விட்டுக் கேட்க எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கேட்டபோது, "வூட்ல இன்னாத்துக்கு? அது பொழப்புக்குப் பாடறது" என்றார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்வார், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

என் மகளுக்கு நடக்கத் தெரிந்திருந்த சமயத்தில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்காரர்களின் குடும்பத்தையெல்லாம் ஓட்டலுக்கு வரச்சொல்லி டீயும் கேக்கும் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் வெளிநாட்டுக்காரர்கள். அவர் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து, காலை மடித்து, கிடாரை எடுத்தார். பேச்சு நிற்கவில்லை. அவரும் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. பேச்சுக்கு அடியில் போய்ப் பாடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மேசையாகத் தானே அடங்கியது. உரத்துப் பாடினால் நாம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். மெதுவாகப் பாடினால் நாம்தான் முன்னால் குனிந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பாட்டின் வசியமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அழுகிற பாட்டில்லை, சிரிக்கிற பாட்டும் இல்லை. குரலில் ஒரு நடுக்கம், ஒரு குழைவு கிடையாது. வெறும் பேச்சு. அது கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருத்தர் காதுக்குப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அவர் பாடிய ஒரு பாட்டில், இவர் எனக்குத்தான் சொல்கிறார், இத்தனை நாள் சொல்லாததையெல்லாம் எனக்குத் தெரியாத பாஷையில் சொல்லிவிடுகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று குழந்தையின் தலையில் முகத்தை வைத்து மறைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பாண்டியிலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு பேர் சீட் கிடைத்தது. குழந்தை தூங்கிவிட்டது. எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஏங்க, கண்ண மூடிக்கினு பாடினீங்களே, அந்தப் பாட்டுக்கு இன்னாங்க அர்த்தம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அர்த்தமா? கடலு, காத்து, ஒரு பொண்ணு போறா, வர்றா. அவ்ளோதான்."

"எங்க போறா?"

"இன்னா கேள்வி இது? பாட்டுல யாரோ எங்கயோ போறாங்க."

பஸ் கிளியனூரைத் தாண்டியது. பிறகு, "என்னப் பாத்துப் பாடின மாதிரி இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அங்க உக்காந்திருந்த அத்தினி பேரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. போன மாசம் ஒரு கெழவரு கூட சொன்னாரு. பிரேசில்காரரு மொத நாளே சொல்லிட்டாரு, யாருக்குன்னும் பாடாத, பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி பாடு, அப்பத்தான் எல்லாரும் தனக்குன்னு எடுத்துக்குவாங்கன்னு. நான் யாருக்கும் பாடறதில்ல."

அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை. கிழவரோடு கிழவராக நானும் ஏமாந்திருக்கிறேன். ஆனால் நாள் போகப்போக அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டேன். எனக்குப் பாடவில்லை, சரி. வேறு யாருக்கும்கூடப் பாடவில்லையே. ஓட்டலுக்கு வந்துபோன வெள்ளைக்காரிகளைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஜாடையாகப் பேசியபோதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் துணை. இல்லாத ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே என்று மல்லாட்டை உடைத்துக்கொண்டே எத்தனையோ சாயங்காலத்தைக் கடத்தியிருக்கிறேன்.

பிறகு ஓட்டல் கை மாறியது. புதிதாக வந்தவர்கள் சுவரில் பாட்டுப் பெட்டி பொருத்தினார்கள். அதிலும் அதே மாதிரிப் பாட்டுதான், அதே ரகசியக் குரல்தான். பாட்டு வேண்டும், பாடுகிறவர்தான் வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் பிளேடை எடுத்து நான்கு நகத்தையும் வெட்டினார். அவருக்குக் கையால் பிசைந்து சாப்பிட வரவில்லை, சோறு விரலிடுக்கில் ஒழுகியது. கிடாரைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். நாளாக ஆகப் பேச்சு இன்னும் குறைந்தது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று கேட்டுவிடலாமா என்று இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். கேட்கவில்லை. அவர் போய்விட்டார்.

இப்போது விழுப்புரத்தில் மகளோடு இருக்கிறேன். போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள், வரும் வழியில் புறவழிச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கிற காப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள். குளிர்மெஷின் போட்ட கடை. காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தபோது மேலே இருந்த பெட்டியில் பாட்டு மாறியது. கட்டைவிரல் தட்டுகிற சத்தம் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரோ ஒரு ஆளின் குரல். ஆனால் பாட்டு அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடியது. பக்கத்து மேசைப் பெண் தன் ஜோடிப் பையன் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உனக்கில்லைடி, ஒருத்தருக்கும் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தப் பாட்டு இத்தனை வருஷம் கழித்தும் செத்துப்போகாமல் இருப்பது, இப்படி ஊர் ஊராகப் புதிது புதிதாக ஆட்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதால்தான் என்று கசப்பாக நினைத்துக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாட்டோடு சேர்ந்து, ஒரு வார்த்தை தப்பாமல்.

"உனக்கு எப்பிடித் தெரியும் இது?" என்றேன்.

"இன்னாம்மா கேக்கற? அப்பா பாடுவாரே."

"எங்க?"

"வூட்லதான். நீ கொல்லைக்குப் போயிருப்ப. என்னை மடியில போட்டுக்கினு தூங்கற வரைக்கும் பாடுவாரு. பெருசானப்புறம் கூடப் பாடியிருக்காரே. பரிட்சைன்னா பயமா இருக்குதுப்பான்னு சொன்னா, உக்காருன்னு சொல்லிட்டு இதத்தான் பாடுவாரு."

"நான் ஒரு நாளும் கேட்டதில்லையே."

"நீ வர்ற சத்தம் கேட்டா நிறுத்திடுவாரு. உங்கம்மா வந்தா அர்த்தம் கேப்பா, எனக்கு எங்க தெரியும்னு சொல்லிச் சிரிப்பாரு. நான் ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சிக்கினு வாய மூடிக்குவேன்." அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அது எனக்குத் தெரியாத விஷயம் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "உனக்குப் பாடினதே இல்லையாம்மா?" என்றாள்.

யாருக்கும் பாடுகிறதில்லை என்று சொன்ன மனிதர், வாசலில் என் செருப்புச் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். தன் பிள்ளைக்குத்தானே பாடினார், அதில் என்ன தப்பு என்று மனசு நியாயம் சொல்கிறது. ஆனால் இத்தனை வருஷமாக நான் சாய்ந்துகொண்டிருந்த சுவரை இரண்டு வார்த்தையில் இடித்துவிட்டாள். பாட்டு என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. குழந்தை அர்த்தம் கேட்காது, அதனால் அதற்குக் கிடைத்தது. நான் பஸ்ஸில் ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

பெட்டியில் வேறு பாட்டு வந்துவிட்டது. மகள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கு முழுசாத் தெரியும். பாடட்டுமாம்மா, மெதுவா? உனக்கு மட்டும்தான் கேக்கும்" என்று சொல்லி, என் காதுக்குப் பக்கத்தில் வந்து முதல் வார்த்தையை எடுத்துவிட்டாள். அப்படியே அவர் குரல்.

"வேணாம்டி, பக்கத்துல பாக்கறாங்க" என்றேன்.

எனக்கு எப்போதும் கூச்சம்தான் முதலில் வரும், ஆசை பின்னால்தான் வரும். இன்னொரு தடவை கேட்பாள், அப்போது சரி என்று சொல்லிவிடலாம் என்று காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு, வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.