வீடு அந்தப் பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தால்தான் கபடியில் ஆளைப் பிடித்து அமுக்குவதில் நல்ல பெயர் எடுத்தேன். அதே கோபத்தால்தான் மச்சானின் பூட்டுக் கடையில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பூட்டைக் கையில் வாங்கி நாலு தடவை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று சொல்கிறவர்களிடம் சிரித்துப் பேச எனக்கு வராது. ஒருநாள் ஒருத்தரிடம், "அப்ப அங்கயே போய் வாங்குங்க, இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ரொம்ப மரியாதையாக, "மாப்ள, நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அந்த ரெஸ்டில் இருக்கும்போதுதான் எங்கள் ஊருக்கு ரக்பி டீம் வந்தது. நூல் மில் முதலாளி ஒருவர் வியாபார விஷயமாக வெளிநாடு போன இடத்தில் ஒரு மேட்ச் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து அதே பேச்சு. நத்தம் ரோட்டில் சும்மா கிடந்த தன் நிலத்தைச் சமப்படுத்தி, கம்பம் நட்டு, லீக்கில் பேரும் பதிந்துவிட்டார். மாதச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் போய் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரக் கபடிக்காரர்கள். மிச்சம் பேகம்பூர் கால்பந்துப் பையன்கள். ரக்பியை நேரில் பார்த்தவன் ஒருத்தனும் கிடையாது. முப்பதைத் தாண்டி, முழங்காலும் தேய்ந்துபோன என்னையே எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் எறிவதென்றால் பின்னால்தான் எறிய வேண்டும். எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் ஐந்து பாயிண்ட். அதற்குப் பெயர் ட்ரை. இதை வீட்டில் விளக்கியபோது என் மனைவி பூ கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ட்ரை பண்ணாலே அஞ்சு பாயிண்ட்டா?"

"ட்ரை பண்றது இல்ல. கொண்டு போய் வச்சாத்தான் ட்ரை."

"வச்சுட்டா அப்பறம் என்ன ட்ரை? அதான் முடிஞ்சுபோச்சே."

சொல்லிவிட்டு மறுபடி பூ கட்ட ஆரம்பித்தாள்.

கோச் ஒடிசாவிலிருந்து வந்த பெண். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர், உயரம் என் நெஞ்சுக்குத்தான் வருவார். பஸ் கண்டக்டர்களிடமும் பிரியாணிக் கடைகளிலும் அவராகவே தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அதனால் "ரைட், போலாம்" என்பதும், "இன்னும் கொஞ்சம் வைங்க" என்பதும் சுத்தமாக வரும். மற்றதெல்லாம் ஒன்றிரண்டு வார்த்தையும் சைகையும்தான்.

முதல் சீசனின் முதல் மேட்ச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்களில் வேகமானவன் சாணார்பட்டிப் பக்கத்துப் பையன், ஊரில் பெரிய ரெய்டர். பந்து அவன் கைக்குப் போனது. பிய்த்துக்கொண்டு ஓடினான். எதிரில் ஒரே ஒரு ஆள்தான், அவனைத் தாண்டினால் கோடு. எங்கள் ஆள் போனான், எதிராளியின் தோளில் கையால் ஒரு தட்டுத் தட்டினான், சட்டென்று திரும்பி, பந்தோடு எங்கள் பக்கமே ஓடிவந்து சேர்ந்தான். வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

கொடுமை என்னவென்றால் நாங்களும் கை தட்டினோம். பார்க்க வந்திருந்த ஜனம் விசிலே அடித்தது. கபடி தெரிந்த ஊர். தொட்டுவிட்டு உயிரோடு திரும்பியவனை வேறு எப்படி வரவேற்பது? கோச் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவன் ஒருத்தன் மட்டுமல்ல. அந்த சீசன் முழுக்க நாங்கள் எல்லோரும் அதையேதான் செய்தோம். எதிராளி மேல் உடம்பு பட்டதும் கால் தானாகத் திரும்பியது. நாங்கள் செய்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரு மேட்ச் பாக்கியில்லாமல் தோற்றோம். கோச் ஒருநாள் என்னைத் தனியாக நிறுத்தி, "பயமா?" என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரைப் பாத்து பயம்ங்கிறீங்க? நான் பிடிச்ச பிடியில கை உடைஞ்சவன்லாம் இருக்கான்!" என்று கத்தினேன். அவர் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை.

"அப்போ ஏன் திரும்புது?" என்றார்.

முறைத்துவிட்டு வந்தேன்.

பதிலை அவரேதான் கண்டுபிடித்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் தனியாக இருந்தவரை என் மனைவியின் ஊருக்குக் கூட்டிப்போனோம். சாயங்காலம் அங்கே கபடி. அதுவரை அவர் கிராமத்துக் கபடியை நேரில் பார்த்ததில்லையாம். கரும்பைக் கடித்துக்கொண்டு என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் ரெய்டு போனவன் ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடுக்கோட்டைத் தொட்டானோ இல்லையோ, கோச் கரும்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, என்னை நோக்கிக் கையை நீட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. என் மனைவி, "என்னங்க, கோச்சம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று பயந்துபோனாள்.

மறுநாள் பயிற்சியில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். எங்கள் பக்கத்துக் கோட்டைக் காட்டி, "இது வீடு இல்ல" என்றார். பிறகு மைதானத்தின் அடுத்த கோடிக்கு நடந்து போய், எதிராளியின் கோட்டில் நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"வீடு இங்க! எல்லாரும் வீட்டுக்கு வாங்க!"

இவ்வளவுதான். நான்கு மாதமாக மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறியது. இடம்தான் மாறியிருக்கிறது, மற்றபடி வீடு திரும்புகிற ஆட்டம்தான் இதுவும் என்றதும் கால் சொன்னபேச்சைக் கேட்டது. இரண்டாவது சீசன் தொடங்கியபோது பார்க்க வந்தவர்களுக்கும் இது பரவிவிட்டது. எங்கள் ஆள் பந்தை எடுத்தால் போதும், "ஏலே, வீட்டுக்குப் போ! வீட்டுக்குப் போ!" என்று சத்தம் வானத்தைப் பிளக்கும். ஒரு வெளியூர் டீம் மேனேஜர், சொந்த ஊர்க்காரர்களையே இப்படி அவமானப்படுத்தலாமா என்று எங்கள் முதலாளியிடம் வருத்தப்பட்டாராம்.

ஆனாலும் ஜெயிக்கவில்லை. முன்பு ஐம்பது பாயிண்டில் தோற்றவர்கள் இப்போது ஐந்தில் தோற்றோம். கோச்சுக்கு அது பெரிய முன்னேற்றம். முதலாளிக்கு அது தோல்விதான். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் மில்லை நடத்துகிறவர். கடைசி மேட்ச்சுக்கு முந்தின வாரம் எங்களைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுக் காட்டுங்கப்பா. இல்லைன்னா இந்த எடத்துல முருங்கை வச்சுருவேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து லாரியில், நடுவதற்கு வெட்டிய முருங்கைப் போத்துகள் வந்து இறங்கின. கம்பி வேலி ஓரமாக, ஈரச் சாக்குப் போட்டு மூடி, அடுக்கி வைத்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், பயம்தான். இந்த வயதில், இந்த முழங்காலோடு, என்னை வேறு எந்த டீமும் எடுக்காது. பூட்டுக் கடையில் மச்சான் எனக்கு இடம் தருவார், மரியாதையாகவும் நடத்துவார். அதுதான் பயமாக இருந்தது. விளையாட்டு பிடித்திருக்கிறது என்பதையே நான் அந்த வாரம்தான் உணர்ந்தேன். எட்டுப் பேர் தோள் கோத்து எதிரே எட்டுப் பேரோடு முட்டித் தள்ளும்போது, முன்வரிசையில் என் காதுகள் இரண்டு தலைகளுக்கு நடுவே நசுங்கும் அந்த நேரத்தில், என் கோபத்துக்கு உலகத்தில் ஒரு உபயோகம் இருந்தது.

கடைசி மேட்ச் சென்னை டீமோடு, எங்கள் மைதானத்தில். அவர்கள் திடமான ஆட்கள். ஆட்டம் முடியப்போகும் கடைசி நொடிகளில் நாங்கள் நான்கு பாயிண்ட் பின்னால் இருந்தோம். அவர்களுடைய கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் அவர்கள் ஒரு தப்புச் செய்ய, எங்களுக்கு வாய்ப்பு வந்தது. உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் மூன்று பாயிண்ட், அது போதாது, ட்ரைதான் வேண்டும். எங்கள் உதைகாரன் பேகம்பூர் பையன், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். பந்தை என் நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

"மாமா, இதுக்குக் காலு வேணாம். நீங்க போங்க."

குனிந்தேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு முட்டினேன். எனக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் வந்து இடித்தார்கள். எத்தனை அடி போனேன் என்று தெரியாது. யாரோ என் காலைப் பிடித்தார்கள், யாரோ கழுத்தில் விழுந்தார்கள், நான் குப்புறப் போனேன். பந்தோடு கையை முன்னால் நீட்டி அழுத்தினேன். மேலே ஒரு பத்துப் பேராவது விழுந்திருப்பார்கள். கண்ணெல்லாம் மண். விசில் சத்தம் நீளமாகக் கேட்டது.

அப்போதுதான் என் நெஞ்சுக்கு அடியில் ஒரு கை இருப்பது தெரிந்தது. என் கை இல்லை. பந்துக்கும் தரைக்கும் நடுவில் எதிராளியின் கை இருந்தால் பாயிண்ட் கிடையாது. போச்சு என்று நினைத்தேன். வெளியே ஜனம் கத்துகிறது, ஆனால் எங்கள் ஊர் ஜனம் ஆள் மேல் ஆள் விழுந்தாலே கத்தும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முருங்கையை எந்தப் பக்கத்திலிருந்து நட ஆரம்பிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காதுக்கு மிக அருகில் ஒருத்தன் மூச்சு வாங்கினான். சென்னைப் பையன். அந்தக் கை அவனுடையதுதான்.

"தம்பி, என்னாச்சு?" என்று கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

"ட்ரை குட்துட்டாங்கண்ணா. நான் கைய உள்ள வுட்றதுக்குள்ள நீங்க வச்சுட்டீங்க."

"நெசமாவா?"

"அட, நெசமாதான்ணா. ஜெயிச்சுட்டீங்க. கொஞ்சம் எந்திரிங்களேன், கை போய்டும் போலக்குது."

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உடம்பு கேட்கவில்லை. மேலே இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக இறங்கிப் போய்க் குதிக்கிற சத்தம் கேட்டது. நான் அந்தப் பையனின் கை மேலேயே முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவன் எனக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.