ஐம்பத்துமூன்றை அழிக்கப் போனவள்

மாரெட்பள்ளியில் ஜெயசுந்தரியைத் தெரியாதவர்கள் குறைவு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசை. யார் வீட்டில் சிக்கல் என்றாலும் கூப்பிடாமலே போய் நின்றுவிடுவாள். பாதி நேரம் சிக்கல் தீரும், மீதி நேரம் ஒன்று இரண்டாகும். 1968 கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் இந்த இரண்டாவது வேலையைத் தன் வீட்டிலேயே பார்த்து வைத்தாள்.

அவள் மாமனார் தனசிங் பர்மா போரில் ராணுவ லாரி ஓட்டியவர். குறி பார்த்துச் சுடும் சிப்பாய் காயப்பட்டு விழ, அவன் துப்பாக்கி மேல் இருந்த ஸ்கோப் என்கிற தூரப்பார்வைக் குழல் வழியாகப் பார்த்து, உடைந்த பாலத்தைக் கண்டுபிடித்து, பின்னால் வந்த லாரிகளை எல்லாம் நிறுத்தியவர். பல வருடம் கழித்து அந்த ஸ்கோப்பை ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கியபோது, அதிகாரி அதை அவருக்கே கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் விருந்தாளிகள் கையில் கேக்கோடு அந்தக் கறுப்புக் குழலும் சுற்றி வரும், கதையும் வரும். மனிதருக்கு அதைவிட வேறு சொத்து இல்லை.

கதைக்கு இன்னும் கொஞ்சம் வலு சேர்க்கலாமே என்று ஜெயசுந்தரிக்குத்தான் தோன்றியது. ராணுவத் துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாராயணஸ்வாமியை சைனிக்புரியிலிருந்து வரவழைத்தாள். அவர் ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் ‘53’ என்று இருந்தது. இது 1953-இல் செய்தது, பர்மா சண்டையோ நாற்பத்தைந்திலேயே முடிந்துவிட்டது என்று தன்மையாகச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

தனசிங் ஸ்கோப்பைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டார். இந்த வருடம் விருந்தாளிகள் வந்தால் தனக்குத் தலைவலி என்று சொல்லிவிடும்படி மகன் ஸ்டான்லியிடம் சொன்னார். பொய்யர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை, சொன்னதுபோல் ஆகிவிட்டது.

“நக்கோ ஜெயா, வேணாம், இதோட விட்டுரு,” என்றான் ஸ்டான்லி.

அவளா விடுவாள்? பண்டிகைக்கு ஜன்னல் கம்பிகளுக்கு பெயிண்ட் அடித்தது போக, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவில் மிச்சம் இருந்தது. மாமனார் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஸ்கோப்பை எடுத்து, துணியைத் தின்னரில் நனைத்து அந்த ஐம்பத்துமூன்றைத் தேய்த்தாள். எண் போய்விட்டால் விருந்தாளிக்கு என்ன தெரியப் போகிறது? வெள்ளை போனது. கூடவே கறுப்பும் கரைந்து வந்தது. ஐயோ, கெடுத்தேனே என்று அவசரமாகத் துடைத்தபோது, அடியில் பித்தளையில் ஒரு அம்புக்குறி வெட்டியிருந்தது. அதன் பக்கத்தில் 1943.

ஸ்டான்லி ஸ்கூட்டரில் போய் நாராயணஸ்வாமியை அள்ளிக்கொண்டு வந்தான். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அம்பு வெள்ளைக்காரன் ராணுவத்து முத்திரை, வெட்டிய வருஷம்தான் செய்த வருஷம், பெயிண்டில் இருந்தது பின்னால் பழுது பார்த்த வருஷம் என்றார்.

“தனசிங் சார், பொறந்த தேதி கேட்டீங்க, நான் மொட்டை அடிச்ச தேதியச் சொல்லிட்டுப் போயிட்டேன். மன்னிக்கணும்.”

கிறிஸ்துமஸ் அன்று தலைவலி எங்கே போனதோ! கதை வழக்கத்தைவிட இருமடங்கு நீண்டது. கேட்டவர்களில் முதல் நாற்காலி நாராயணஸ்வாமிக்கு. கறுப்புக்கு அடியில் பார்க்க வேண்டுமென்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று அவர் ஜெயசுந்தரியைக் கேட்டார்.

“எம் மேல அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை,” என்றார் தனசிங் பெருமையாக.

ஜெயசுந்தரிக்கு முகம் சுண்டிவிட்டது. “நம்பிக்கையெல்லாம் இல்ல மாமா. அந்த நம்பர அழிக்கத்தான் போனேன்.”

தனசிங் அவளையே பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“நாஞ் சொல்லுதது பொய்யின்னு நினைச்சும் எம் பக்கம் நின்னிருக்கியே தாயி. பாலத்தக் கண்டதெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல,” என்று ஸ்கோப்பை அவள் கையில் கொடுத்தார்.