பொட்டு வைக்கப் பெட்டி இல்லை

எனக்கு அந்தத் திட்டமே பிடிக்கவில்லை. மதுரையில் சேலை மொத்த வியாபாரம் செய்த ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சரக்கு இருப்பு, ஆர்டர், லோடு எல்லாம் ஓடிய சர்வர் பெட்டி ஓர் ஏசி அறையில் இருந்தது. அதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்து இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி முடிவு செய்தார்.

"பெட்டியே இல்லேன்னா ஒனக்கு என்னப்பா வேலை? தீவாளி வரைக்கும் இரு. பெறகு பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாற்றி முடித்த இரண்டாம் வாரம் ஆயுத பூஜை. அன்று எங்கள் கம்பெனியில் எந்த மெஷினையும் தொடக் கூடாது. சர்வரையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மறுநாள்தான் தொடுவோம். இந்த முறை சர்வர் இல்லை. முதலாளி சென்னைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நம்ம சரக்குக் கணக்கு இருக்கிற மெஷின் எது தம்பி? ஒரு போட்டோ அனுப்புங்க."

"தனியா எதுவும் கிடையாது சார். நிறைய கம்பெனிக்கு ஒண்ணா ஓடுது."

"அப்ப அம்புட்டுப் பேருக்கும் சேத்து யாரு பொட்டு வைக்கிறது? சரி, நம்மளுதை மட்டும் ஒரு நாள் நிப்பாட்டுங்க."

முடியாது என்றுவிட்டார்கள். முதலாளி விடுகிற ஆளா? எல்லோருக்கும் பொதுவாக இருந்த பாஸ்வேர்டை, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவரே மாற்றினார். புதிதை ஓர் அட்டையில் மைப்பேனாவால் எழுதிச் சாமிக்கு முன் வைத்தார். இனி நாளை வரை ஒருவரும் உள்ளே போக முடியாது. அட்டைக்குச் சந்தனமும் வைத்தார். வைத்தாரா? சுவருக்குப் பூசுவது மாதிரி அப்பினார்.

மறுநாள் காலையில் திருமங்கலம் குடோனிலிருந்து போன்.

"அண்ணே, தீவாளி லோடு அஞ்சு லாரி நிக்குது. ரசீது எடுக்கணும். உள்ளயே போக மாட்டேங்குது. என்ன அடிக்கிறது?"

அட்டையை எடுத்துப் பார்த்தால் மை கரைந்து சந்தனம் நீலமாகக் கிடந்தது. என்ன எழுதினோம் என்று முதலாளிக்கே ஞாபகம் இல்லை. குலதெய்வத்தின் பெயரை அடித்துப் பார்த்தார். பேத்தியின் பெயரையும் அடித்தார். மூன்றாவது தடவை மொத்தமாகப் பூட்டிக்கொண்டது.

சென்னையில் கேட்டால், பதிவான ஆள் பேசினால்தான் திறப்போம் என்றார்கள். அது யார் என்று முதலாளி அதட்டினார். என் பெயரைச் சொன்னார்கள். ஒப்பந்தம் போட்ட அன்று, இங்கிலீஷ் போனெல்லாம் நம்மால் ஆகாது என்று அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னவரே அவர்தான்.

போனை வாங்கிப் பேசினேன். பத்து நிமிடத்தில் லாரிகள் கிளம்பின.

"தீவாளி முடியவும் ஒம் பேரை எடுத்துரணும்" என்றார்.

"அதுக்கும் நாந்தான் போன் பண்ணணும் மொதலாளி."

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீபாவளி வந்தது, போனது. அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.