தொண்ணூற்று நாலாம் ஆண்டுச் சசிகரன்

ஒரு மனிதர் தன் வீட்டுக் கதிரையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்த ஆண்டோடு முடிந்துபோனார் என்று அவருடைய முகத்துக்கு முன்னாலேயே சிலர் வழக்காடுகிறார்கள். இதை யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலுள்ள எங்கள் ஊர் புளியங்கூடலில் நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வழக்காடுபவர்கள் அவருக்கு ஆகாதவர்கள் அல்லர், ரசிகர்கள். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கோவில் திருவிழாவுக்கு வருகிறவர்கள். அவருடைய மனைவி கோசலா போட்ட தேநீரைக் குடித்து, அவர் சுட்ட வடையைக் கடித்துக்கொண்டு அந்த வழக்கை நடத்துவார்கள்.

சசிகரனுக்கு ஐம்பத்துமூன்று வயது. கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். பின்னேரங்களில் தோட்டத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுவார். அதற்குப் பிறகு கிற்றார். பதின்மூன்று வயதில் தொடங்கிய பழக்கம். ஊர்காவற்றுறையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசித்த ஜெனீற்றா என்ற பெண்தான் அவருக்கு விரல் வைக்கக் காட்டிக்கொடுத்தவர். கப்பலில் வேலை செய்த மாமன் கொண்டுவந்த றொக் இசைக் கசெற்றுகளிலிருந்து மீதியைத் தானே பொறுக்கிக்கொண்டார். தொண்ணூறில் போரால் எங்கள் தீவு முழுவதும் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் சைக்கிளில் அரிசி மூட்டை கட்டினார்கள். இவர் அரிசியோடு கிற்றாரையும் கட்டினார். அதற்காகத் தகப்பனிடம் வாங்கிய ஏச்சை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

வழக்குக்கு வருகிறேன். அதில் இரண்டு சான்றுகள் உண்டு.

முதலாவது ஒரு கசெற். தொண்ணூற்று நாலில், தீவு ஆட்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அகதிகளாக இருந்த காலத்தில், ஒரு கோவில் வீதியில் சசிகரனின் இசைக்குழு வாசித்தது. பாடகர் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய இடைவெளியில் சசிகரன் தனியாக ஓர் இசைத் துண்டு வாசித்தார். அவரே கட்டிய துண்டு. அதை றஜீபன் என்ற இளைஞர் பதிந்தார். அந்தப் பதிவு பிரதியிலிருந்து பிரதியாகி, ரொறன்ரோ போய், இப்போது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. அதிலுள்ள வேகம் உண்மையில் திகைக்க வைப்பது. இன்னொன்றும் உண்டு. முடிவில் வேகம் இன்னும் கூடும். கூடவே சுருதியும் வழுக்கிக்கொண்டு மேலே போகும். வாசிக்கும்போதே நரம்பை இறுக்கும் ஆணியை முறுக்கியிருக்கிறார் என்று ரசிகர்கள் அதற்கு விளக்கம் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது, சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், ஊர்க்கோவிலில் எடுத்த வீடியோ. அதே துண்டுதான். முடிவில் சசிகரன் உண்மையாகவே ஆணியை முறுக்குகிறார். நரம்பு அறுந்து அவருடைய இடது கண்ணுக்குக் கீழே கிழிக்கிறது. இரத்தத்தோடு வாசித்து முடிக்கிறார். கசெற் கட்சிக்குத் தலைவர் அதைப் பதிந்த றஜீபன்; வீடியோக் கட்சிக்குப் பாரிசில் இருக்கும் அனுஷன். அவருக்கு அந்த இரத்தம் மிகவும் பிடிக்கும்.

வைபர் செயலியில் இவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. சசிகரனை அதில் சேர்க்கவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அவர் இருந்தால் மனம்விட்டுக் கதைக்க ஏலாது என்றார்கள்.

ஊர்க்கோவிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய நாளில் மேளகாரர் யார், மேடையில் யார் ஏறுவது என்பதெல்லாம் உபயகாரரின் சொல். ஐந்தாம் திருவிழா றஜீபன் குடும்பத்துக்கு உரியது. அவருடைய தகப்பன் இறந்த பிறகு கடந்த ஆண்டுதான் அந்தப் பொறுப்பு முதன்முறையாக றஜீபனின் கைக்கு வந்தது. திருவிழாவுக்கு முந்தின கிழமை அவரும் அனுஷனும் சசிகரன் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வளவுக்காரன் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன்.

சசிகரனுக்கு அவர்களிடம் ஒன்று கேட்க இருந்தது. சில வருடங்களாக அவர் புதிதாக ஒரு துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். மிக ஆறுதலானது, மெதுவானது; ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிற மாதிரியான வாசிப்பு. வேலிக்கு இப்பால் இருந்து அதைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். ஆட்களுக்கு முன்னால் அவர் அதை ஒருமுறைகூட வாசித்ததில்லை. "வேகம் போயிட்டுது, அதை மறைக்கக் கிழவன் ஆறுதலாக வாசிக்கிறான் எண்டு சொல்லுவாங்கள்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லும்போது, அது பொய் என்று அவருக்கே நிச்சயமில்லை என்பதையும் கவனித்தேன். முப்பது வருடமாக அந்தக் கசெற்றைக் கேட்டுத் தன்னைத் தானே குறைத்துப் பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

வந்தவர்கள் இருந்தார்கள். வழக்கு தொடங்கியது.

"சசியண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ" என்றார் றஜீபன். "தொண்ணூற்றி நாலுக்குப் பிறகு உங்கடை கை இறங்கினதுதானே?"

"உமக்கு விசர், றஜீபண்ணை" என்றார் அனுஷன். "கசெற்றிலை என்ன தெரியும்? வெறுஞ் சத்தம். வீடியோவிலை பாருங்கோ, மனுசன் இரத்தம் ஓட ஓட வாசிக்கிறார். அதுதான் உச்சம்."

"நரம்பு அறுந்தால் உச்சமே? அப்ப என்ரை வீடு கட்டின மேசன் தன்ரை கையை வெட்டினவன், அவனும் உச்சம்தான்."

"அறுக்கிற அளவுக்கு வாசிச்சாரே, அதைக் கதையுங்கோ."

அனுஷன் எழும்பி வந்து, கேட்காமலே சசிகரனின் இடது கையைத் தூக்கினார். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்தினார். "மூட்டு வீங்கியிருக்கு பாருங்கோ. இனி இந்தக் கையாலை ஏலாது" என்று றஜீபனுக்குக் காட்டினார். வடை தின்ற எண்ணெய் அவருடைய விரலிலிருந்து சசிகரனின் விரலுக்கு ஒட்டியது. சசிகரன் கையை இழுத்துச் சாரத்தில் துடைத்தார். நேசம் என்ற பெயரில் ஒரு மனிதரை இவ்வளவு கேவலமாகக் கையாள முடியும் என்பதை நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு.

"தொண்ணூற்றி நாலுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமே?" என்று றஜீபன் அனுஷன் பக்கம் திரும்பினார். "நீ அப்ப பால்போத்தல். எல்லாரும் நினைக்கிறது நான் பற்றறியிலை பதிஞ்சனான் எண்டு. பற்றறிக்கு எங்கை போறது? அப்ப பற்றறிக்கும் அரசாங்கத் தடையெல்லே. சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு, டைனமோவிலை வயரைக் குடுத்து, வீதிக் கரையிலை நிண்டு நான் மிதி மிதியெண்டு மிதிச்சனான். பாட்டெல்லாத்துக்கும் மிதிக்க ஏலுமே? அதாலை அந்தத் தனித் துண்டுக்கு மட்டும் மிதிச்சனான். கடைசியிலை கால் வழங்கேல்லை. ஒரு மிதி, ஒரு நிப்பாட்டு. அப்பிடி எடுத்த கசெற்றடா அது!"

பெருமையோடு சிரித்தார். சசிகரன் சிரிக்கவில்லை.

"றஜீபன்," என்றார், "திருப்பிச் சொல்லும். கடைசியிலை களைச்சுப் போனனீரோ?"

"ஓம் அண்ணை. நாக்குத் தள்ளிப்போச்சு."

"கால் களைச்சா டைனமோவிலை கரண்ட் குறையும். ரேப் ஆறுதலா ஓடும். ஆறுதலா ஓடின ரேப்பிலை பதிஞ்சதைப் பிறகு சரியான வேகத்திலை போட்டா, வாசிச்சதைவிடக் கெதியாக் கேட்கும். சுருதியும் ஏறும். அது நான் வாசிச்ச வேகம் இல்லை. நான் அப்பிடி ஒருநாளும் வாசிக்கேல்லை. எனக்கு ஆணி முறுக்கின ஞாபகமே இல்லை. அந்தக் கசெற்றைக் கேட்டு, நான்தான் செய்திருக்கிறன் போல எண்டு நினைச்சு, ரெண்டாயிரத்தி மூண்டிலை முறுக்கி..."

அவர் கண்ணுக்குக் கீழே இருந்த தழும்பைத் தடவினார்.

கோசலா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இந்த முறை பொன்னாடையைச் சைக்கிளுக்குப் போத்துங்கோ தம்பிமார்" என்றார். "இவரை ஆறுதலா இருக்க விடுங்கோ."

அனுஷன் தொடையில் அடித்துச் சிரித்தார். தன் கட்சி வென்றுவிட்டது என்றே அவருக்குப் பட்டது. தன்னுடைய வீடியோவில் ஓடியதும் அந்தச் சைக்கிளை எட்டிப் பிடிக்கப் பார்த்த ஒரு மனிதரின் இரத்தம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. றஜீபனுக்கு முதலில் முகம் தொங்கியது. பிறகு அவர் சொன்னதை நான் மறக்கப் போவதில்லை.

"எப்பிடி வந்தாலும் என்ன அண்ணை? கேட்க நல்லாத்தானே கிடக்கு. அதுதான் சசிகரன் எண்டு சனம் நினைச்சிட்டுது. இனி மாத்த ஏலாது."

அப்போது சசிகரன் தான் கேட்க நினைத்ததைக் கேட்டார். ஐந்தாம் திருவிழாவில் பத்து நிமிடம் வேண்டும். புதுத் துண்டு வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவு காலமும் ஒன்றிலும் ஒத்துப்போகாதவர்கள் அந்த இடத்தில் ஒத்துப்போனார்கள். றஜீபன் தன் திட்டத்தை விரித்தார். ஒலிபெருக்கியில் தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கசெற் ஓடும். பின்னால் பெரிய திரையில் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வீடியோ ஓடும். நடுவில் சசியண்ணை கிற்றாரோடு இருந்து, வாசிக்கிற மாதிரி விரலை ஆட்டினால் போதும்.

"மூண்டு சசியும் ஒரே மேடையிலை!" என்றார் அனுஷன். "பாரிசிலை ஒருத்தனும் நித்திரை கொள்ளமாட்டான்."

"அது முடிய உங்கடை புதுசை வாசியுங்கோ, அண்ணை. அதுக்கென்ன" என்றார் றஜீபன்.

சசிகரன் சரி என்றார். அவர்கள் போன பிறகு, ஏன் ஒத்துக்கொண்டீர் என்று அவரைக் கேட்டேன். "வேறை மேடை எங்கை கிடக்கு?" என்றார். பிறகு, "விரல் ஆட்டமாட்டன்" என்றும் சொன்னார்.

ஐந்தாம் திருவிழாவன்று மாலைப் பூசைக்கு முன் மேடை தொடங்கியது. வெயில் தாழ்ந்திருந்தது. வீதி நிறையச் சனம். வெளிநாட்டுப் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சசிகரன் வெள்ளைச் சட்டையோடு கதிரையில் வந்து உட்கார்ந்தார். கசெற் தொடங்கியது. பின்னால் திரையில் முப்பத்தொரு வயதுச் சசிகரன் தலைமுடி பறக்க வாசித்தார். கதிரையில் இருந்தவர் மின்கிற்றாரை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் கோர்த்துக்கொண்டு, கோவில் வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

முன்வரிசையில் இருந்து றஜீபன் விரலை ஆட்டச் சொல்லிச் சைகை காட்டினார். சசிகரன் பார்க்கவில்லை. அது பெரிய எதிர்ப்பு என்று நான் நினைத்தேன். ஆனால் சுற்றிவரப் பார்த்தபோது, அவர் வாசிக்கவில்லை என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கைபேசிகள் திரையைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தன. மேடையில் இருந்த மனிதர் திரையின் அடிப்பகுதியை மறைக்கிறார் என்று எனக்குப் பின்னால் ஒருவர் குறைப்பட்டார். முடிவில் சுருதி ஏறியது. திரையில் நரம்பு அறுந்தது. சனம் விசில் அடித்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஒரு சைக்கிள் மிதித்தவரின் களைத்த காலுக்காகத் தான் அழுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேர் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டல் அடங்க முன்னரே சசிகரன் புதுத் துண்டைத் தொடங்கினார். முதல் சுரம் ஒலிபெருக்கிப் பெட்டியில் வந்தது. இரண்டாவதும் வந்தது. அப்போது றஜீபன் ஒலிபெருக்கிக்காரர் றொமேஷைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல ஒரு சைகை செய்தார். றொமேஷ் ஒருமுறை மேடையைப் பார்த்தார், ஒருமுறை உபயகாரரைப் பார்த்தார். பிறகு கிற்றாரின் சத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டார். றஜீபன் மைக்கைப் பிடித்து நன்றியுரையைத் தொடங்கினார்.

"இண்டைக்கு நீங்கள் கேட்டதுதான் உண்மையான சசியண்ணை..."

மேடையில் சசிகரன் நிறுத்தவில்லை. மின்கிற்றார் இணைப்பில்லாமல் எழுப்பும் சத்தம் கொஞ்சம்தான். மெல்லிய கம்பியை நகத்தால் தட்டுகிற மாதிரி. நான் கதிரையை விட்டு எழும்பி மேடையின் விளிம்புக்குப் போனேன். கோசலா ஏற்கெனவே அங்கே நின்றார். நன்றியுரை எங்கள் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அண்ணன், அத்தான், ரொறன்ரோ, மார்க்கம் என்று உறவும் ஊருமாகப் பெயர்கள். அதற்கு அடியில், கவனித்தால் மட்டும், சசிகரனின் வாசிப்புக் கேட்டது. அவர் நன்றியுரைக்கு ஈடாக வேகம் கூட்டவில்லை. ஒரு சுரத்தைத் தொட்டு, அது அடங்கும்வரை காத்திருந்தார். எங்களுக்குக் கேட்காத இடங்களில்கூட அவர் காத்திருந்தது தெரிந்தது. கேட்டுக்கொண்ட பத்து நிமிடத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டார்.

நன்றியுரை முடிந்து, சனம் கலைந்து பூசைக்குப் போனது. சசிகரன் வயரைச் சுற்றிக் கட்டிவிட்டு மேடையால் இறங்கினார். அவரிடம் றஜீபனைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

"அதை விடும். கேட்டதோ?"

"பாதி கேட்டது."

"எப்பிடி?"

அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குப் பொய்யான புகழ்ச்சி போதிய அளவு கொட்டிக் கிடந்தது. தொடக்கம் நன்றாக இருந்தது, இரண்டு இடத்தில் விரல் தவறியது, நடுப்பகுதி தேவைக்கு மேல் நீண்டு ஓரிடத்திலேயே சுற்றுகிறது என்று சொன்னேன். கோசலா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சசிகரன் கிற்றார்ப் பெட்டியைக் கீழே வைத்தார். அவருடைய விரல்கள் தொடையில் அந்த நடுப்பகுதியை மெதுவாகத் தட்டிப் பார்த்தன.

"ஓம்," என்றார். "அந்த ரெண்டாவது திருப்பம் வேண்டாம். நாளைக்கு வெட்டிப்போட்டு வாசிக்கிறன், வந்து கேளும்."