ட்ரையர் வாயில் பூட்டிய தொட்டி

பிட்டர் வேலை என்றால், யாருக்கும் பிடிக்காத சாமானை யாரும் கூப்பிடாத மலைக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று அர்த்தம். ஸ்பேனர் பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் என்றாவது ஒருநாள் அடுத்த வீட்டு ரிப்பேருக்குப் போய்ப் பேச்சு வாங்கியிருப்பீர்கள். அதனால் எல்லாரும் நம்ம ஆட்கள்தான்.

ஐம்பதுகளில் நான் கொழும்பிலிருந்து மேலே ஏறும் மலைநாட்டில், அட்டனில் ஒரு பட்டறையில் இருந்தேன். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோருக்கு ஹொப்பர் பூட்டப் போனேன். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். ஹொப்பர் என்பது மேல்வாய் அகன்று, அடிவாய் ஒடுங்கிய பெரிய தகரத் தொட்டி. தேயிலையைக் காயவைக்கும் ட்ரையரின் முன்னால், பீடருக்கு மேலே அதைப் பூட்ட வேண்டும். கொட்டிய கொழுந்து தானாக இறங்கும், பீடர் அதைத் தட்டுகளில் ஒரே சீராகப் பரப்பும், ஆள் தேவையில்லை. கூட வந்த படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

பனிக்குள் நடந்த கோபுரம்

அக்கரப்பத்தனை தாண்டியதும் லொறி நின்றுவிட்டது. மழையில் பாலம் ஆட்டம் கண்டிருந்ததால் டிரைவர் ஏறமாட்டேன் என்றார். தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கம்பு கொடுத்துத் தோளில் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. தூக்கியவர்களின் கால்கூடத் தெரியவில்லை. ஒரு பெரிய தகரக் கூம்பு, தன்பாட்டுக்குத் தேயிலைச் செடிகளுக்கு மேலே மிதந்து மலை ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் நடந்த எனக்கே நான் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பது மறந்துவிட்டது. அப்படியே நடந்து மறுபக்கம் இறங்கிவிட்டால்கூடத் தேவலை போலிருந்தது.

ஒரு வளைவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் பதறிப்போய், இது சாமி இல்லை, ஸ்டோருக்குப் பூட்டும் தகரத் தொட்டி என்றேன். முன்னால் நின்ற அம்மாள் கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை.

"கோயிலுக்குக் கோபுரம் வருதுன்னுல்ல கும்புட்டுப்புட்டேன். இனிமே அத எப்புடி பாஸ் திருப்பி வாங்குறது?"

முத்தாயி இருந்த இடம்

தச்சரோ, கொத்தனாரோ, பிட்டரோ, மலையில் கைத்தொழில்காரர் எல்லாருமே பாஸ்தான். அந்தப் பாஸான எனக்கு ஸ்டோரில் முதலில் தேத்தண்ணி கொடுத்தவள் முத்தாயி. ட்ரையர் வாயில் நின்று, அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்தைக் கையால் அள்ளிப் பரப்புவது அவள் வேலை. நாற்பது வயதிருக்கும். மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து வலது கணுக்கால் கோணிப்போனவள். சரிவில் ஏற முடியாது என்பதால்தான் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அவளை ஸ்டோருக்குள் போட்டிருந்தார். அவள் கை வீசிப் பரப்பும்போது செம்பு நிறத்தில் கொழுந்து மெத்தென்று விழும். ட்ரையர் மூச்சுவிடும் சூட்டில், அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருக்கும்.

அந்த இடத்தில்தான் நான் தொட்டியைப் பூட்ட வேண்டும். பூட்டி ஓடவிட்ட மறுநாள் முத்தாயி, விடியற்காலையில் மலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் என்னிடமே சொன்னார். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அந்தக் காலோடு எந்த மலையில் ஏறுவாள்? பேர் என்றால் ஒருநாள் கூலி; கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், பிறகு அதுவும் இல்லை. லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பிராவில் அவளும் அவள் மகளும் மட்டும்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். எப்படியாவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நான் என்ன செய்வேன், பட்டறையில் அனுப்பினார்கள் என்று இழுத்தேன். முத்தாயி கையை நிறுத்தாமலே பேசினாள்.

"நீங்க பூட்டுங்க பாஸ். ஒங்க வேலய நீங்க செய்யாட்டி ஒங்க வீட்டுல யாரு சோறு போடுவா? கொஞ்சம் மெல்லப் பூட்டுங்க, அது போதும்."

தொட்டிக்குள் ஒரு மத்தியானம்

மெல்லப் பூட்டுவது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. கை தானாகவே மெதுவானது. இரும்புக் கால்களை நட்டு, தொட்டியைச் சங்கிலியில் தூக்கி உட்காரவைத்து, உள்பக்க நட்டுகளை முடுக்க நானே உள்ளே இறங்கினேன். இறங்கியவன் அதோடு அசந்துவிட்டேன். அடியிலிருந்து ட்ரையரின் சூடு முதுகைத் தடவியது. தகரச் சுவர் முழுக்க ரோதைகளின் உறுமல். கொழுந்து அரைக்கும் அந்தப் பெரிய இயந்திரங்கள் தூரத்தில் எங்கோ மழை பெய்கிற மாதிரி கேட்டன. தலைக்கு மேல் சதுரமாக ஒரு வெளிச்சம். ஜன்னல் வழியே நுழைந்த பனி அந்தச் சதுரத்தைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. பச்சைக் கொழுந்தும் பழுத்த பழமும் கலந்த ஒரு வாசனை. எனக்கு உடம்பே இல்லாததுபோல் ஆனது. நானும் ஒரு பிடி கொழுந்தாகி மெல்லமெல்லச் சிவந்துகொண்டிருந்தேன். அடியில் இரண்டு கைகள் என்னைப் பரப்பக் காத்திருந்தன. பயமே இல்லை. அவை யார் கைகள் என்று எனக்குத் தெரியும்.

டங் டங்கென்று தகரத்தில் தட்டு விழுந்தது. மேலே சதுரத்தில் ஸ்டோர் கங்காணி கருப்பையாவின் முண்டாசு.

"பாஸ், ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கத் தோதா இருக்குன்னு பெரிய தொரகிட்டச் சொல்லிப்புடவா?"

ரோதமுனிக்குக் காட்டியது

ஸ்டோருக்கு ஒரு சாமி உண்டு, ரோதமுனி. ரோதையில் கை மாட்டாமல் ஆட்களைக் காப்பவர். சுவரோரம் மூன்று கல், ஒரு சூலம். புது இயந்திரம் எது வந்தாலும் அவருக்குக் காட்டாமல் ஓட்டமாட்டார்கள். பூசையெல்லாம் அந்தச் சுவரோரத்தோடு சரி. ஆனால் தொட்டியின் அளவைப் பார்த்துக் கருப்பையாவுக்குப் பக்தி மிஞ்சிவிட்டது. இவ்வளவு பெரிய வயிற்றுக்கு உள்ளே காட்டாவிட்டால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று, தட்டு நிறையக் கற்பூரத்தைக் கொளுத்தித் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார். புகை சுற்றிச்சுற்றி எழுந்தது. பனியும் புகையும் கலந்து, இயந்திரங்கள் எல்லாம் மேகத்தில் நின்றன. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். முத்தாயியும்தான் கும்பிட்டாள். தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட தொட்டிக்கு அவள் என்ன வேண்டியிருப்பாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கரித்தது. புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

தேயிலை பொல்லாதது. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். சோதனைக்கென்று தொட்டி வழியாக விட்ட ஒரே ஒரு கூடை காய்ந்து வந்ததும், டீமேக்கர் அதில் ஒரு சிட்டிகை போட்டுத் தேத்தண்ணி ஊற்றி, ஒரு வாய் உறிஞ்சி, துப்பவும் மறந்து நின்றார். அந்தக் கூடை முழுவதும் குப்பைக்குப் போனது. தொட்டியை வெந்நீர் ஊற்றிக் கழுவும்போதும் டீமேக்கர் கருப்பையாவை விடவில்லை.

"சாமிக்குக் காட்டுனது சரி கங்காணி. கொழும்பு ஏலத்துல இந்தக் கற்பூரத் தேத்தண்ணிய எந்தச் சாமி வந்து வாங்கும்?"

இறங்காத கொழுந்து

மறுநாள் காலை பெரிய துரையே வந்து நின்றார். தொட்டி நிறையக் கொழுந்தைக் கொட்டினார்கள். பீடர் சுற்றியது. கொஞ்சம் விழுந்தது, பிறகு ஒன்றும் விழவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், ஈரக் கொழுந்து ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டி, அடிவாய்க்கு மேலே பாலம் கட்டி நின்றது. சுத்தியலால் தட்டினேன். பொதுக்கென்று ஒரு கட்டி விழுந்து, ஒரு தட்டு கருகியது, அடுத்த தட்டு ஈரமாகவே போனது. தொட்டியைச் சரித்து நிமிர்த்தினேன், தகரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன், அடிவாயை வெட்டி அகலமாக்கினேன். எனக்கும் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே. பூட்டியது ஓட வேண்டும் என்று கையும், ஓடக்கூடாது என்று நெஞ்சும் இழுத்துக்கொண்டு கிடந்தன. அந்த மலையின் ஈரத்துக்கு முன்னால் என் வித்தை எதுவும் பலிக்கவில்லை.

முத்தாயி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். மலைக்குப் போகும் கோலம். டீமேக்கர் துரையிடம் மெதுவாகச் சொன்னார், பக்கத்தில் ஓர் ஆள் இருந்து கம்பால் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தால் சீராக விழும் என்று. துரை தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "அந்த பொம்பளே, உள்ளே வா!" என்றார். நான் ஓடிப்போய் இரண்டு பலகையை அடித்து, தொட்டியின் வாயோரம் ஓர் ஆசனம் செய்தேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக ஆணி அடித்ததில்லை. முத்தாயி கோணல் காலை நீட்டி அதில் உட்கார்ந்து, மூங்கில் கம்பால் ஒரு கிளறு கிளறினாள். கொழுந்து பொலபொலவென்று இறங்கியது. பனி அவள் தலைக்கு மேலே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"முந்தியெல்லாம் நின்னுக்கிட்டே செஞ்சேன் பாஸ், இப்ப ஒக்காந்துக்கிட்டு செய்றேன். பூண்டுலோயா ஸ்டோருல எங்க அக்காவும் நின்னுக்கிட்டுதான் கெடக்கு, அங்கயும் ஒண்ணு பூட்டிட்டு வாங்க."

ஆளைக் குறைக்க நான் பூட்டிய அந்த இயந்திரம் ஓர் ஆளை உட்காரவைத்துப் பேர் போட்டுக் கொடுத்தது, பிட்டராகத் தோற்ற அந்த நாளில் இறங்கியதுபோல் அவ்வளவு நிறைவாக நான் வேறெந்த மலையிலிருந்தும் இறங்கியதில்லை.